‘இன்னைக்கு எந்த மலை?’: தோட்டத்துச் சொல் சேர்க்கப் போகிறவர்களுக்கு

முதலில், “உங்க பக்கம் இதுக்கு என்னா சொல்லுவீங்க?” என்று கேட்பதை விட்டுவிடுங்கள். ஆறு வருடத்துக்கு முன் ஒரு தீபாவளி விடுமுறையில் நான் அப்படித்தான் தொடங்கினேன். இலங்கையில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே எங்கள் லயத்து, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டு, இஸ்தோப்பில் (முன்திண்ணையில்) அம்மாவின் அம்மாவான அம்மாயியை உட்காரவைத்து, புது சி.ஆர். நோட்டுக் கொப்பியை மடியில் விரித்துக்கொண்டு, “தோட்டத்துச் சொல்லெல்லாம் சொல்லுங்க அம்மாயி, எழுதிக்கிறேன்” என்றேன். நாற்பது வருடம் கொழுந்தெடுத்த மனுஷி. என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். “என்னா சொல்லு? நாம பேசுறதுதான்” என்றார். பேனாவைப் பார்த்ததும் அவருக்கு என்ன ஆனதோ, ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி ஆகிவிட்டார். “தேயிலைத் தொழிற்சாலை” என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் அதற்கு முன் வந்து நான் கேட்டதே இல்லை. ஸ்டோரு என்றுதான் வாழ்நாள் முழுக்கச் சொன்னவர். அன்றைக்குக் கொப்பியில் ஏறியது நான்கு சொல். நான்கும் பாடப்புத்தகச் சொல்.

மறுநாள் விடியற்காலை, பக்கத்துக் காம்பரா (லயத்து அறை வீடு) அத்தை இஸ்தோப்பில் நின்று படங்கு கட்டிக்கொண்டிருந்தார். அம்மாயி அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தார்.

“இன்னைக்கு எந்த மலை?”

“ஏழாம் நம்பரு. பெரட்டுக்கு லேட்டு, தொங்க நெரதான் கெடைக்கும்.”

“கொந்தரப்பா?”

“இல்ல, பேருக்குத்தான். எடை காணாட்டி அரைப்பேரு போட்டுருவான்.”

அரை நிமிடப் பேச்சுதான். முதல் நாள் ஒரு மணி நேரம் கேட்டும் கிடைக்காதது அதில் இருந்தது. மலை என்றால் இங்கே இலக்கம் போட்ட தேயிலைப் பகுதி. “மலைக்குப் போயிருக்கா” என்றால் வேலைக்குப் போயிருக்கிறாள். நிரை பேச்சில் நெர ஆகிறது. ஒருத்தி கொழுந்தெடுத்துக்கொண்டே போக வேண்டிய செடி வரிசை அது. தொங்கல் என்பது கடைசி; லயத்தின் கடைசி வீடும் தொங்க வீடுதான். காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிப்பது பெரட்டு. இவ்வளவு வேலைக்கு இவ்வளவு காசு என்று பேசி முடிப்பது கொந்தரப்பு.

இவற்றில் பேர்தான் பெரிய சொல். தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலில் ஒருவர் பெயருக்கு நேரே ஒரு நாள் வேலை பதிவானால் அது ஒரு பேர். நிறுவை குறைந்தால் அரைப்பேர். “இந்த மாசம் எத்தனை பேரு?” என்று தோட்டத்தில் ஒருவர் கேட்டால் ஆட்களின் எண்ணிக்கையைக் கேட்கவில்லை, எத்தனை நாள் சம்பளம் விழுந்தது என்று கேட்கிறார். வெளியாள் இதைக் காதில் வாங்கியும் புரிந்துகொள்ளாமல் போய்விடுவார். சொல் புதிதாக இருந்தால் காது நிற்கும். தெரிந்த சொல் வேறு பொருளில் வரும்போதுதான் வழுக்கிவிடும். மலை, பேர், நாடு, கணக்கு எல்லாமே அப்படி. நாடு என்றால் தோட்டத்துக்கு வெளியே உள்ள சிங்களக் கிராமம். மேக்கணக்கு, பணியக்கணக்கு என்றால் தோட்டத்தின் மேல் பிரிவும் கீழ்ப் பிரிவும். அதனால் உங்களுக்குத் தெரிந்த சொல்லாகவே இருந்தாலும், வாக்கியம் கொஞ்சம் இடறினால் எழுதிவிடுங்கள்.

சரி, எங்கே தொடங்குவது? ஒரு ஆளைப் பிடியுங்கள், ஒரு நாளைப் பிடியுங்கள், வேலையின் வரிசையில் போங்கள். எழுப்புவது முதல் தொடங்குங்கள். அந்தக் காலத்தில் தப்பு அடித்து எழுப்பினார்கள். அதைக் கேட்ட வயது உள்ளவர் இருந்தால் அவருக்குத்தான் முதலிடம். அப்புறம் பெரட்டுக்களம். கைக்குழந்தை இருந்தால் புள்ளக்காம்பராவில் விட்டுவிட்டுப் போவது. மலையில் கூடை, கூடைக்கயிறு, செடி மட்டம் பார்க்க மேலே போடும் மட்டக்கம்பு, மழைக்குத் தலையில் போடும் கம்பளி. கொழுந்து மடுவத்தில் (கொட்டகையில்) நிறுவை, தண்ணிக்கென்று கழிக்கிற கழிவு, அதன்மேல் வரும் சண்டை. சண்டையை விடாதீர்கள். மடுவத்துத் தராசடியில் கால் மணி நேரம் நின்றால் இரண்டு பக்கம் நிறையும், திட்டு உட்பட. சாயங்காலம் பீலிக்கரை, ரொட்டி, சம்பல், தேத்தண்ணி.

பீலிக்கரை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நான் ஆண். பெண்கள் குளிக்கும் இடத்தில் கொப்பியோடு போய் நிற்க முடியாது, நிற்கவும் கூடாது. ஆறு மாதம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது, என் கொப்பியில் பிரசவம், தீட்டு, குழந்தை வளர்ப்பு பற்றி ஒரு சொல் கூட இல்லை என்று. தங்கச்சியிடம் ஒரு கொப்பி வாங்கிக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் அவள் சேர்த்தது என் மூன்று மாதத்துக்குச் சமம். அதில் சிலதை எனக்குக் காட்ட மறுத்துவிட்டாள், அதுவும் நியாயம்தான். பெண்ணாக இருந்தால் உங்களுக்குத் தவறணை (சாராயக்கடை) பக்கத்துப் பேச்சு தூரமாக இருக்கும். அதற்கு ஒரு தம்பியைப் பிடியுங்கள்.

இனி எழுதும் முறை. சொல்லை மட்டும் எழுதிப் பக்கத்தில் பொருள் போட்டால் அது சோதனைக்குப் படிக்கும் பட்டியல். மூன்று வருடம் கழித்துத் திரும்பப் பார்க்கும்போது உங்களுக்கே விளங்காது. என் கொப்பியிலிருந்து ஒரு பதிவு:

சொல்: படங்கு
கேட்ட வாக்கியம்: “படங்க இறுக்கிக் கட்டு, செடி கிழிச்சிரும்.”
யார், யாரிடம்: அறுபது வயதுப் பெண், மருமகளிடம்
எங்கே: இஸ்தோப்பு, வேலைக்குக் கிளம்பும்போது
பொருள்: கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் சுற்றிக் கட்டும் முரட்டுத் துணி. தேயிலை வாதும் ஈரமும் சேலையில் படாமல் காக்கும்.
இன்னும் சொல்கிறார்களா: ஆம். துணி மாறிவிட்டது, பெயர் மாறவில்லை.

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பொருள் போய்ச் சொல் நிற்பதும் உண்டு, சொல் போய்ப் பொருள் நிற்பதும் உண்டு. துண்டு என்ற சொல்லைப் பாருங்கள். ஒரு காலத்தில் அது, ஆள் பிடித்து வந்து மேற்பார்த்த ஒரு கங்காணியின் ஆட்களுக்கு எவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் அவர்களை விட்டுவிடுவோம் என்று தோட்டத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. அந்தத் துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இன்றைக்குத் துண்டு என்றால் எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்குத் துவாலைதான். தலைக்காசும் அப்படி, தன் ஆட்கள் வேலைக்கு இறங்கினால் தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குக் கிடைத்த பணம். இப்படிப்பட்ட சொற்களுக்குப் பக்கத்தில் ‘பழசு’ என்று எழுதி, கடைசியாக யார் வாயில் கேட்டீர்கள் என்றும் போடுங்கள்.

எழுத்தில் கை வைக்காதீர்கள். பெரட்டு என்று கேட்டால் பெரட்டு. பிரட்டு என்று ‘திருத்தி’ எழுதினால் அது தோசையைப் புரட்டுவது மாதிரி ஆகிவிடும். நெர என்று முதல் வரியில், நிரை என்று அடுத்த வரியில் எழுதலாம்; முதல் வரி வாயினுடையது. குறில் நெடிலில் கவனம் வேண்டும். கோச்சி ரயில், கொச்சிக்காய் மிளகாய். கோப்பி குடிப்பது, கொப்பி எழுதுவது. அவசரத்தில் ஒரு கொம்பை மாற்றிப் போட்டு, “கொச்சி லேட்டா வந்துச்சு” என்று எழுதி வைத்துவிட்டு, ஒரு வருடம் கழித்து மிளகாய் எதற்கு லேட்டாக வந்தது என்று நான் யோசித்திருக்கிறேன்.

பதவிப் பெயரும் விளிப்பும் ஒட்டிப் பிறந்தவை, பிரித்து எழுதாதீர்கள். மலை வேலையை மேற்பார்க்கும் கண்டக்டரைக் கண்டக்டர் ஐயா என்று யாரும் சொல்வதில்லை, கண்டாக்கையாதான். கிளாக்கரையாவும் அப்படியே. பெரிய தொரை, சின்ன தொரை என்பதில் இருப்பது உயரமோ வயதோ இல்லை, பதவி. யார் யாரை வா என்கிறார், யாரை வாங்க என்கிறார் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். அதை விட்டால் பாதிப் பொருள் போய்விடும்.

அந்தக் காலத்தில் வெள்ளைக்காரத் துரைமாருக்குத் தோட்டத் தமிழ் கற்றுக்கொடுக்கக் கொழும்பில் ஒரு கையேடு அச்சானது. அதன் தலைப்பே ‘இங்கே வா’ என்பதுதான். ஏவுகிறவன் சொல் சேர்த்தால் அட்டையிலேயே ஏவல்வினை வந்துவிடுகிறது, பாருங்கள். நம் கொப்பியில் ஏவல் மட்டும் நிறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏவப்பட்டவர் முதுகுக்குப் பின்னால் முணுமுணுத்ததும் வேண்டும்.

அடுத்தது, சொல் எங்கிருந்து வந்தது என்று தேடும் ஆசை. எல்லாருக்கும் வரும். மெதுவாகப் போங்கள். நான் கவ்வாத்தில் மாட்டிக்கொண்டேன். தேயிலைச் செடியை வாது வெட்டிக் கத்தரிப்பது கவ்வாத்து. கத்தி கிளையைக் கவ்வுகிறது, அதனால் கவ்வாத்து என்று என் கொப்பியில் பெருமையோடு எழுதி வைத்தேன். நாலு பேரிடம் சொல்லியும் விட்டேன். அப்புறம் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் அகராதியைப் புரட்டினால் கவாத்து அங்கே படைப்பயிற்சியாக நிற்கிறது. தமிழ்நாட்டிலோ மல்லிகைக்கும் திராட்சைக்கும் கவாத்து பண்ணுகிறார்கள். கவ்வுவதும் இல்லை, எங்கள் தோட்டத்துக்கே உரிய சொல்லும் இல்லை. அன்றிலிருந்து மூலம் எழுதும் இடத்தில் பென்சில்தான்.

உறுதியாகச் சொல்லக்கூடியவை சில உண்டு. காம்பராவும் தவறணையும் போர்த்துக்கீசர் விட்டுப்போனவை. இஸ்தோப்பு ஒல்லாந்தருடையது. பெரட்டு இங்கிலீஷ்காரனின் பரேட். மடுவமும் கோச்சியும் சிங்களத்தோடு பழகி வந்தவை. அம்மாயி, அப்பாயி எல்லாம் திருச்சி, சேலம் பக்கத்திலிருந்து கண்டிச் சீமைக்கு நடந்து வந்தவர்களின் வாயில் வந்தவை. 2023இல் மலையகத்துக்கு எங்கள் ஆட்கள் வந்து 200 வருடம் என்று நினைவுகூர்ந்தோம். முதலில் கோப்பி, கோப்பியை 1869க்குப் பின் இலைநோய் தின்ற பிறகு தேயிலை. ஒவ்வொரு காலமும் தன் சொல்லை இறக்கிவிட்டுப் போயிருக்கிறது. எந்தச் சொல் எந்தக் காலத்தில் இறங்கியது என்பதற்கு ஆதாரம் இல்லாவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள்.

‘ஸ்’ முன்னால் வந்தால் நாக்கு ஒரு இகரத்தை ஒட்டிக்கொள்கிறது: இஸ்தோப்பு, சிலர் வாயில் இஸ்டோரு. இதைத் தப்பு என்பவர்கள் இருக்கிறார்கள். நகரத்துப் பள்ளியில் எட்டாம் வகுப்பு படித்தபோது நான் கட்டுரையில் இஸ்தோப்பு என்று எழுத, ஆசிரியர் சிவப்பு மையில் வெட்டி, மேலே ‘விறாந்தை’ என்று எழுதினார். வகுப்பு சிரித்தது. விறாந்தையும் போர்த்துக்கீசரிடம் வாங்கியதுதான் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன், அது வேறு விஷயம். உங்களிடம் சொல் சொல்பவரும் இப்படி ஒரு சிவப்பு மையைக் கடந்து வந்தவராக இருக்கலாம். அவர் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு உடனே ‘நல்ல’ தமிழில் மாற்றிச் சொன்னால், முதலில் சொன்னதை எழுதுங்கள்.

ஃபோனில் பதிவதானால் கேட்டுவிட்டுப் பதியுங்கள். ஒளித்து வைத்துப் பதிந்தது எவ்வளவு நன்றாக இருந்தாலும் அழித்துவிடுங்கள். மலையில் காற்று, லயத்தில் தகரக் கூரை. மழை விழுந்தால் பேச்சு ஒன்றும் கேட்காது. எங்கள் பக்கம் ஜூன், ஜூலையில் மழை நிற்கவே நிற்காது. அந்த மாதங்களில் காதும் கையும்தான். மற்ற நாளில் ஃபோனை மடித்த கம்பளி மேல் வையுங்கள், பலகை மேல் வைத்தால் தேத்தண்ணிக் கோப்பையை வைக்கிற சத்தமெல்லாம் இடி மாதிரி விழும். பதிந்த அன்றிரவே கேட்டு எழுதிவிடுங்கள். என்னிடம் எழுதாத பதிவு இருபது மணி நேரத்துக்கு மேல் கிடக்கிறது. அதில் யார் பேசுவது என்றே பல இடத்தில் எனக்குத் தெரியவில்லை.

இனிப் பழமொழி, சொலவடை. இவற்றைத் தனியாக வாங்கவே வாங்காதீர்கள். “ஒரு பழமொழி சொல்லுங்க” என்றால் எல்லா ஊருக்கும் பொதுவானதுதான் வரும். காத்திருந்து, சந்தர்ப்பத்தோடு பிடிக்க வேண்டும். தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கும் ஒன்று: தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் கிடைக்கும். (மாசி என்பது மாசிக் கருவாடு.) ஆள் பிடித்து வந்த காலத்தில் ஊரில் அப்படிச் சொல்லிக் கூட்டிவந்தார்கள் என்பார்கள், தோண்டினால் போதும் என்று. இதை ஆசைகாட்டும் பொய் என்று பொருள் எழுதி முடித்துவிடலாம். ஆனால் நான் அதை உயிரோடு கேட்டது ஒரு தேர்தல் நேரத்தில். கட்சிக்காரர் ஒருவர் லயத்து வாசலில் வீடு, காணி என்று அடுக்கிக்கொண்டிருந்தார். பின்வரிசையில் ஒரு தாத்தா, யாரையும் பார்க்காமல், “தேங்காயும் மாசியும்” என்றார். அவ்வளவுதான். முழு வாக்கியமும் சொல்லவில்லை. சுற்றி நின்ற பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். என் கொப்பியில் அந்தச் சொலவடைக்கு ஒரு பக்கம் முழுக்கப் போனது: யார் சொன்னார், யார் சிரித்தார், யாருக்குப் புரியவில்லை என்பது வரை. கட்சிக்காரர் தலையாட்டிக்கொண்டே பேச்சைத் தொடர்ந்தார் என்பதும் அதில் இருக்கிறது.

வீட்டுச் சொலவடையையும் ஊர்ச் சொலவடையையும் கலந்துவிடாதீர்கள். எங்கள் அம்மாயி, வேலை செய்யாமல் பேசிக்கொண்டே இருப்பவர்களைப் பார்த்து “வாயால கூடை நெறையும், தராசு நம்பாது” என்பார். கேட்கும்போதெல்லாம் தோட்டமே பேசுவது போல எனக்கு இருக்கும். பணியக்கணக்கிலும் பக்கத்துத் தோட்டத்திலும் விசாரித்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. ஆக அது அம்மாயியின் சொந்தச் சரக்கு. ‘அம்மாயி’ என்று பெயர் போட்டுத் தனிப் பக்கத்தில் இருக்கிறது. மூன்று வெவ்வேறு குடும்பத்தில் கேட்டால்தான் ஊர்ப் பக்கத்துக்கு ஏற்றுகிறேன். மூன்று என்பது நானே வைத்த கணக்கு, உங்களுக்கு வேறு கணக்கு இருக்கலாம்.

வசைச் சொற்களும் வரும். எங்களைப் பார்த்து மற்றவர்கள் சொன்னவை: தோட்டக்காட்டான், கள்ளத்தோணி. எங்களுக்குள்ளேயே சாதி பார்த்துச் சொல்லிக்கொள்பவை இன்னும் மோசம். எழுதாமல் விடக்கூடாது. ஆனால் யார் யாரைச் சொன்னது, கேட்டவர் என்ன செய்தார் என்பது இல்லாமல் எழுதவும் கூடாது. இந்தப் பக்கங்களை நான் வேறு கொப்பியில் வைத்திருக்கிறேன். லயத்தில் பிள்ளைகள் கொப்பியைப் பிடுங்கி உரக்கப் படித்துக் காட்டுவார்கள். ஒரு முறை அப்படி நடந்து, பக்கத்து வீட்டோடு இரண்டு வாரம் பேச்சில்லாமல் போனது.

கடலுக்கு அந்தப் பக்கமும் மறந்துவிடாதீர்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் எங்கள் ஆட்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. அப்படிப் போனவர்களில் பலருக்கு நீலகிரியில் கூடலூர், கோத்தகிரி பக்கம் தேயிலைதான் மறுபடியும் கிடைத்தது. அவர்களுக்காகவே தமிழ்நாடு அரசு 1968இல் தேயிலைத் தோட்டம் போட்டது. அங்கே அவர்கள் சிலோன்காரர்கள். அம்மாயியின் தங்கை குடும்பம் கூடலூரில் இருக்கிறது. சின்ன அம்மாயி வாட்ஸப்பில் குரல் அனுப்பினால் எங்கள் லயத்தில் இப்போது யாரும் சொல்லாத சொல் ஒன்றிரண்டு இருக்கும். கிளம்பிய நாளில் மூட்டை கட்டிக்கொண்டு போன தமிழ் அங்கே அப்படியே இருக்கிறது. அவர் பேரப்பிள்ளைகளோ ஊட்டித் தமிழ். உங்களுக்கு அங்கே சொந்தம் இருந்தால் கதை கேட்க ஒரு ஃபோன் கால் போடுங்கள். பட்டியலை அனுப்பி “இதெல்லாம் தெரியுமா?” என்று கேட்காதீர்கள், எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றுதான் பதில் வரும்.

சேர்த்ததை அகர வரிசையில் அடுக்க அவசரப்பட வேண்டாம். நான் வேலையின் வரிசையிலேயே வைத்திருக்கிறேன்: விடியல், பெரட்டு, மலை, மடுவம், ஸ்டோரு, பீலி, அடுப்படி, சம்பள நாள், சாவு. கொப்பியைத் திறந்து யாரிடம் வாசித்தாலும், “இதுக்கு முன்னால இன்னொன்னு இருக்கே” என்று அவர்களே இடையில் புகுந்து சொல்வதற்கு இந்த வரிசை வசதி. அகர வரிசையில் வாசித்தால் கொட்டாவி விடுவார்கள். ஒவ்வொரு பதிவுக்கும் கீழே மூன்று வரி காலியாக விடுங்கள். பால் பேனா வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அதில் பிரச்சினை இல்லை. மைப்பேனாதான் எங்கள் ஈரத்துக்கு ஊறிப் போகும். முதல் கொப்பியில் மார்கழிப் பக்கங்கள் நீலக் குளமாகக் கிடக்கின்றன. மாதம் ஒருமுறை பக்கங்களை ஃபோனில் படம் எடுத்து, வேறு ஊரில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள்.

நாளைக்கே தொடங்குவதானால், ஆறு மணிக்கு முன்னால் எழுந்து, கொப்பியை உள்ளே வைத்துவிட்டு, இஸ்தோப்பில் தேத்தண்ணியோடு உட்காருங்கள். படங்கு கட்டிக்கொண்டு யாராவது வெளியே வருவார்கள். எந்த மலை என்று கேளுங்கள்.